‘?ணி’ என்று தேடினால் ராணியும் வரவேண்டும்

பைத்தான் என்ற நிரல்மொழியில் ‘?ணி’ என்ற வடிவத்தைக் கொடுத்துப் பெயர்ப் பட்டியலில் தேடினால் மணி கிடைக்கிறார், ராணி கிடைப்பதில்லை. கேள்விக்குறி ஏதாவது ஓர் எழுத்துக்கு நிற்கும் என்பது விதி. ‘ம’ ஓர் எழுத்து. ‘ரா’வும் ஓர் எழுத்துதான், ஒன்றாம் வகுப்பில் கரும்பலகையைப் பார்த்துக் கத்திய எவருக்கும் இது தெரியும். பைத்தானுக்கோ ‘ரா’ என்பது இரண்டு: ர ஒன்று, அதை ஒட்டிய துணைக்கால் ஒன்று. சரி, உன் வழிக்கே வருகிறேன் என்று ‘??ணி’ கொடுத்தால் ராணியும் வேணியும் வருகிறார்கள், கூடவே ரமணியும் வந்து நிற்கிறார். இரண்டெழுத்துப் பெயரும் மூன்றெழுத்துப் பெயரும் ஒரே வரிசையில் நிற்கின்றன. கேட்டவர் யார், கிடைத்தவர் யார் என்று ஒன்றும் புரியாது.

இதைத் தீர்க்க பைத்தானின் சரங்களுக்கு, அதாவது நிரலில் வரும் சொல், வரி போன்ற எழுத்துக் கோவைகளுக்கு, ஒரு புதிய மெத்தட் (கூப்பிட்டால் ஒரு வேலையைச் செய்து தரும் வசதி) வேண்டும் என்று முன்மொழியப் போகிறேன். அதன் வரைவுதான் இது. ஆங்கிலத்தில் எழுதி அனுப்புவதற்கு முன்னால், எழுத்து என்றால் என்ன என்று முதல் இரண்டு பக்கங்களில் விளக்கத் தேவையில்லாதவர்கள் முன் வைக்கிறேன். ஓட்டை இருந்தால் இங்கேயே குத்திக் காட்டுங்கள்.

தேவை காசிமேட்டில் பிறந்தது. என் மாமா மீன்பிடித் துறைமுகத்தில் ஏலக் கமிஷன் தொழில் செய்கிறார். நான் தண்டையார்பேட்டையில் இருந்து தினமும் மெட்ரோவில் தெற்கே போய்ச் சம்பளத்துக்கு எழுதும் நிரல்களில் தமிழ் எழுத்து ஒன்றுகூட வராது. மாமாவின் பேரேட்டுக்காக எழுதிய நிரலில் தமிழைத் தவிர வேறெதுவும் வராது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாத 61 நாள் தடைக்காலத்தில், ஏலம் மந்தமாக இருக்கும்போது, அதை எழுதிக் கொடுத்தேன். படகு, மீன், எடை, விலை, யாருக்கு எவ்வளவு பாக்கி. அவ்வளவுதான் அதன் வேலை.

பாக்கிதான் முக்கியம். விடியற்காலையில் கூறு எடுத்துக்கொண்டு போகும் பெண்கள் விற்று முடித்த பிறகுதான் பணம் கொடுப்பார்கள். மாமாவின் பழைய நோட்டில் ‘க’வுக்கு ஒரு பக்கம், ‘கா’வுக்கு ஒரு பக்கம், ‘கு’வுக்கு ஒரு பக்கம் என்று ஓரத்தில் வெட்டிவைத்திருந்தார். திரையிலும் அதே ஒழுங்கு வேண்டும் என்றார். நியாயமான கோரிக்கை. பைத்தானில் ஒரு சரம் இன்னதில் தொடங்குகிறதா என்று பார்க்க ஸ்டார்ட்ஸ்வித் என்ற மெத்தட் இருக்கிறது. ‘க’ என்று கொடுத்தால் கமலா வருகிறார். காந்திமதி, குப்பம்மாள், கோவிந்தம்மாள் எல்லோரும் வருகிறார்கள். (பெயர்கள் எடுத்துக்காட்டுக்காக நான் போட்டவை, பாக்கிக்காரர்களின் பெயரை ஊருக்குச் சொல்லும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை.) மாமா திரையைப் பார்த்துவிட்டு, “என்னம்மா, எழுத்துத் தெரியாதவனிடமா பேரேட்டைக் கொடுத்திருக்கிறாய்?” என்றார்.

எழுத்துத் தெரியாததற்குக் காரணம் உண்டு. கணினியில் எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் தரம் யூனிகோடு. 1991-இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு கட்டம் கிடைத்தது. இந்திய மொழிகளுக்காக அதற்கு முன்பே இருந்த இஸ்கி என்ற தரத்தின் அமைப்பை ஒட்டி அந்தக் கட்டம் அமைந்தது. 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் கிடையாது. உயிர் எழுத்துகள், அகரம் ஏறிய மெய்கள், உயிர்க்குறிகள், புள்ளி என்று உறுப்பு உறுப்பாக வைத்திருக்கிறார்கள். ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு குறியெண். அப்படி வைத்தது சரியா தவறா என்ற பழைய சண்டைக்குள் நான் போகவில்லை. அந்தக் கப்பல் துறைமுகத்தை விட்டுப் போய் முப்பது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. என் புகார் யூனிகோடு மீது அல்ல. குறியெண்ணையே எழுத்து என்று எடுத்துக்கொள்ளும் நிரல்மொழி மீது. ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் என்ன என்று கேட்டால் பைத்தான் 5 என்கிறது. அது ‘இஸ்ஆல்ஃபா’ வழியாக முழுக்க எழுத்துகளால் ஆனதா என்று கேட்டால் இல்லை என்கிறது, ஏனென்றால் உயிர்க்குறியும் புள்ளியும் அதன் கணக்கில் எழுத்தே அல்ல.

ஆப்பிள் 2014-இல் வெளியிட்ட ஸ்விஃப்ட் மொழியில் இதே சொல்லின் நீளம் 3. எலிக்ஸிர் என்ற மொழியிலும் 3. ஆக, செய்ய முடியாத காரியம் எதையும் நான் கேட்கவில்லை.

சிக்கல் எல்லா இடத்திலும் சமமாக இல்லை என்பதையும் சொல்லவேண்டும். முன்மொழிவில் இதை மிகைப்படுத்தினால் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வேன். நான் போய்வரும் மெட்ரோ நீலத் தடத்தின் நிலையப் பெயர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ‘பேட்டை’யில் முடிபவை எவை என்று கேட்டால் காலடிப்பேட்டை, தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, தேனாம்பேட்டை, சைதாப்பேட்டை என்று இன்றைய பைத்தானே சரியாகச் சொல்லிவிடும். தமிழில் ஒரு மெய் வந்தால் அங்கே புதிய எழுத்து தொடங்குகிறது. ஆகவே தேடும் துண்டின் இடது ஓரம் எப்போதும் சரியான இடத்திலேயே விழும். கெடுவது வலது ஓரம். துண்டு அகரத்தில் முடிந்தால், அதற்குப் பின்னால் ஒரு கொம்போ காலோ புள்ளியோ ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ‘த’வில் தொடங்கும் நிலையங்களைக் கேட்டால் தண்டையார்பேட்டையோடு திருவொற்றியூரும் தேனாம்பேட்டையும் வருவது அதனால்தான். ‘மல’ என்று தேடினால் மலரோடு மல்லிகாவும் வருவார். ‘மல’ என்பது ‘கமல்’ என்ற பெயருக்குள் இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்று சாதிக்கும்.

இரண்டாவது சிக்கல் கண்ணுக்கே தெரியாதது. மாமாவின் விற்பனை அறிக்கையில் கொடுவா மீன் இரண்டு வரிகளில் வந்தது. இரண்டு எடை, இரண்டு தொகை. திரையில் இரண்டும் ஒரே கொடுவாதான். ‘கொ’ என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். க-வோடு ‘ொ’ என்ற ஒரே குறியைச் சேர்ப்பது ஒரு வழி. க, ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று மூன்றாக அடுக்குவது இன்னொரு வழி. விசைப்பலகையில் தட்டினால் முதல் விதம் வரும். பழைய எழுத்துருவில் இருந்த மீன் பட்டியலை யூனிகோடுக்கு மாற்றிய ஏதோ ஒரு மாற்றி இரண்டாவது விதத்தைத் துப்பியிருந்தது. இரண்டும் ஒன்றே என்று யூனிகோடே விதி வைத்திருக்கிறது. இரண்டாவது விதத்தை முதல் விதமாக மாற்றிக்கொள்ளும் இயல்பாக்க முறைக்கு என்எஃப்சி என்று பெயர். ஆனால் பைத்தானில் அந்த இரண்டு சரங்களையும் சமமா என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். இயல்பாக்கத்தை நிரலாளர் நினைவு வைத்துக்கொண்டு தனியாகக் கூப்பிட வேண்டும். திருவொற்றியூரில் இருக்கும் ‘வொ’வுக்கும் இதே கதி.

சரங்களில் வடிவம் தேடுவதற்கென்றே இருக்கும் குறிமொழியான ரெஜெக்ஸ் இருக்கிறதே என்று கேட்பீர்கள். எனக்கும் அதில் தகராறு இல்லை, நன்றாகவே எழுதுவேன். ஆனால் பைத்தானோடு வரும் ரெஜெக்ஸில் சொல் எழுத்தைக் குறிக்கும் ‘\டபிள்யூ’வைக் கொடுத்து ராணியைத் தேடினால், துணைக்காலும் கொம்பும் உதிர்ந்து ‘ர’, ‘ண’ என்று இரண்டு துண்டுகள் கையில் கிடைக்கும். தனியாக நிறுவிக்கொள்ளும் ‘ரெஜெக்ஸ்’ என்ற தொகுப்பு இந்த விஷயத்தில் யோக்கியமானது. அதில் ‘\எக்ஸ்’ என்று எழுதினால் ஒரு முழு எழுத்துக்கு நிற்கும். ஓப்பன்-தமிழ் தொகுப்பில் ஒரு சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தரும் செயற்கூறு இருக்கிறது, அதையும் பயன்படுத்தியிருக்கிறேன். அவை இருப்பது நல்லது. ஆனால் இன்ன எழுத்தில் தொடங்குகிறதா என்ற கேள்வி, ஒரு சரத்திடம் கேட்கக்கூடிய முதல் மூன்று கேள்விகளில் ஒன்று. ஆங்கிலத்துக்கு அது மொழியோடு கூடவே வரும், தமிழுக்குத் தனியாக இறக்கிக்கொள்ள வேண்டும் என்றால் ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை. அதைவிட, இப்போது இருக்கும் மெத்தட் தவறான பதிலைத் தயங்காமல் சொல்கிறது. தொகுப்பு ஒன்று தேவைப்படுகிறது என்பதே புதிதாக வருகிறவருக்குத் தெரியாது.

பைத்தான்காரர்கள் சரத்துக்குப் புது மெத்தட் சேர்ப்பதில் கஞ்சர்கள். சேர்த்த நேரங்களும் உண்டு. 2020-இல் வந்த 3.9 பதிப்பில் ‘ரிமூவ்பிரிஃபிக்ஸ்’, ‘ரிமூவ்சஃபிக்ஸ்’ என்று இரண்டைச் சேர்த்தார்கள்; அதற்கான முன்மொழிவின் எண் 616. அங்கே வைத்த வாதம் எனக்கு உதவும். சரத்தின் முன்னொட்டை வெட்ட ஆட்கள் ‘எல்ஸ்ட்ரிப்’ என்ற பழைய மெத்தடைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதுவோ முன்னொட்டை வெட்டாது. கொடுத்த சரத்தில் இருக்கும் குறிகளில் எது முன்னால் கிடந்தாலும் ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டே போகும். ‘திருத்தணி’யில் ‘திரு’வை எல்ஸ்ட்ரிப் செய்து பாருங்கள். தி போகும், ரு போகும், அடுத்து வரும் த-வும் பட்டியலில் இருப்பதால் அதுவும் போகும். மிஞ்சுவது தலையில் அநாதையாக ஒரு புள்ளி வைத்த ‘தணி’. இப்படித் தவறாகப் பயன்படுத்துவது பரவலாக இருந்ததால் புதிய மெத்தட் தேவை என்று ஏற்றுக்கொண்டார்கள். அந்தப் புதிய மெத்தடும் குறியெண் கணக்கில்தான் வேலை செய்கிறது என்பது வேறு கதை. ‘திர’ என்று கொடுத்தால் ரு-வின் உகரக்குறியை மட்டும் மிச்சம் வைத்துத் தலையை வெட்டித் தரும்.

இனி நான் கேட்பது. சரத்துக்கு ‘குளோப்’ என்று ஒரு மெத்தட். ஒரே ஒரு வடிவத்தைப் பெற்றுக்கொள்ளும். முழுச் சரமும் அந்த வடிவத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து ஆம் அல்லது இல்லை என்று சொல்லும். வடிவத்தில் கேள்விக்குறி ஓர் எழுத்துக்கு நிற்கும். நட்சத்திரக் குறி எத்தனை எழுத்துக்கு வேண்டுமானாலும் நிற்கும், எழுத்தே இல்லாமலும் இருக்கலாம். மற்றவை எல்லாம் தமக்குத் தாமே. ஒப்பிடும் முன் சரம், வடிவம் இரண்டையும் என்எஃப்சி-க்கு மாற்றிக்கொள்ளும். பிறகு இரண்டையும் எழுத்து எழுத்தாகப் பிரித்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். எழுத்தின் நடுவில் வெட்டு விழவே விழாது. ‘க*’ என்றால் கமலா மட்டும். ‘?ணி’ என்றால் மணி, ராணி, வேணி.

எது எழுத்து என்று நான் புதிதாக விதி எழுதவில்லை. யூனிகோடின் 29-ஆம் எண் இணைப்பறிக்கை ‘கிராஃபீம் கிளஸ்டர்’ என்ற பெயரில் அதை வரையறுத்திருக்கிறது. அதன் எடுத்துக்காட்டு அட்டவணையிலேயே நம்முடைய ‘நி’ இருக்கிறது. தமிழுக்கு இந்த வரையறை அநேகமாகக் கச்சிதமாகப் பொருந்துகிறது, ஏனென்றால் நம்முடைய புள்ளி எழுத்தை முடித்துவைக்கிறது. இந்தியில் அதே வேலையைச் செய்யும் குறி அடுத்த மெய்யோடு ஒட்டிக் கூட்டெழுத்தாக்கிவிடும். நமக்குப் பொருந்தாத இடம் க்ஷ. லக்ஷ்மியை நான் மூன்று எழுத்தாகப் பார்ப்பேன், அறிக்கையின்படி நான்கு. ஸ்ரீயும் இரண்டாகப் பிரியும். இதற்காகத் தமிழுக்கு மட்டும் விதிவிலக்குக் கேட்கலாமா என்று யோசித்து வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ஒரு மொழிக்கு விலக்கு என்று ஆரம்பித்தால் ஒவ்வொரு மொழிக்காரரும் வரிசையில் நிற்பார்கள், முன்மொழிவு அங்கேயே செத்துவிடும்.

கோப்புகளைத் தேடப் பயன்படும் குளோப் வடிவங்களில், ‘இவற்றில் ஏதாவது ஒன்று’ என்று குறிக்க வழக்கமாக வரும் சதுர அடைப்பை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். அடைப்பு இருந்தால் ‘க-விலிருந்து ன வரை’ என்று எழுத ஆசை வரும். யூனிகோடு கட்டத்தில் ன-வுக்கு இடம் ந-வை ஒட்டி. ற-வுக்கு இடம் ர-வை ஒட்டி. நம் நெடுங்கணக்கில் அவை இரண்டும் கடைசி. ‘க-விலிருந்து ன வரை’ என்று கொடுத்தால் ப முதல் வ வரை எல்லாம் வெளியே நிற்கும். இப்படிப் பொய் சொல்லும் வசதி இல்லாமலிருப்பதே மேல். பொருந்திய துண்டுகளைத் திருப்பித் தரும் வசதியும் கிடையாது. ரூபி மொழி 2016 டிசம்பரில் வந்த 2.4 பதிப்பில், பொருந்திய விவரம் எதையும் சேகரிக்காமல் ஆம், இல்லை மட்டும் சொல்லும் ‘மேட்ச்?’ என்ற மெத்தடைச் சேர்த்தது. பெரும்பாலான நேரத்தில் தேவைப்படுவது அவ்வளவுதான். துண்டு வேண்டும் என்றால் ரெஜெக்ஸுக்குப் போகட்டும். வடிவமொழி சிறியதாக இருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. லுவா மொழியை உருவாக்கியவர்கள் முழு ரெஜெக்ஸ் வேண்டாம் என்று முடிவெடுத்து, 500 வரிக்குள் அடங்கும் ஒரு வடிவப் பொருத்தத்தை வைத்தார்கள்.

வவ்வால் மீனைப் பற்றி ஒரு பத்தி எழுதாமல் இந்த விஷயத்தைக் கடக்க முடியாது. எங்கள் பட்டியலில் அது மூன்று உருவத்தில் இருக்கிறது. ‘வவ்வால்’ ஒன்று. ‘வௌவால்’ ஒன்று. மூன்றாவது, ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பும் ள என்ற எழுத்தும் போட்டுத் தட்டிய ‘வெளவால்’. பின்னிரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் பல எழுத்துருக்களில் வேறுபாடு தெரியாது. என்எஃப்சி இதைத் தீர்க்காது, ஏனென்றால் யூனிகோடு பார்வையில் அவை இரண்டும் வேறு வேறு சரங்கள். மெத்தடே இதையும் ஒன்றாக்கிவிடலாமே என்று தோழி ஒருத்தி கேட்டாள். கூடாது. கானாங்கெளுத்தியில் இருக்கும் ‘கெளு’ உண்மையான கெ-வும் உண்மையான ளு-வும். வவ்வாலைத் திருத்தப் போகிற விதி அடுத்த நிமிடம் கெளுத்தியைக் கெடுக்கும். ஸ்ரீயும் இதே வகைதான்: ஸ-வில் தொடங்கித் தட்டுகிறவர்கள் உண்டு, 2005-இல் யூனிகோடு 4.1-இல் சேர்ந்த ஶ-வில் தொடங்கித் தட்டுகிறவர்களும் உண்டு. உருவம் ஒன்று, குறியெண் வேறு, இயல்பாக்கத்தால் சேராது. படகுப் பெயர்களில் ஸ்ரீக்குப் பஞ்சமே இல்லை என்பதால் இது எனக்கு அன்றாடத் தலைவலி. இருந்தாலும் இவை எழுத்துக்கூட்டல் பிரச்சினைகள். மீன் கடைக்குத் தெரிந்தது நிரல்மொழிக்குத் தெரியவேண்டியதில்லை. இவற்றுக்கு மாமாவின் நிரலில் ஒரு மாற்றுப்பெயர் அட்டவணை வைத்திருக்கிறேன். அது அங்கேயே இருக்கட்டும்.

எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்று தெரியும். யூனிகோடு பதிப்பு மாறினால் பதில் மாறும் என்பார்கள், அது உண்மை. 2023-இல் வந்த 15.1 பதிப்பில் இந்தி, வங்காளம், தெலுங்கு, மலையாளம் போன்றவற்றின் கூட்டெழுத்துகளை நடுவில் பிரிக்கக் கூடாது என்று விதி மாறியது. அதனால் யூனிகோடு 15.0-ஐச் சுமக்கும் பைத்தான் 3.12-இல் ஓர் இந்திச் சொல் ‘???’ வடிவத்துக்குப் பொருந்தி, 15.1-ஐச் சுமக்கும் 3.13-இல் பொருந்தாமல் போகலாம். தமிழ் அந்த மாற்றத்தில் இல்லை என்பதால் நமக்குக் கவலையில்லை என்று நான் தப்பிக்க விரும்பவில்லை. என் பதில் வேறு: ஒரு குறி எழுத்தா என்று சொல்லும் மெத்தடும், பெரிய எழுத்தாக மாற்றும் மெத்தடும் இன்றைக்கே யூனிகோடு பதிப்பைச் சார்ந்துதான் இருக்கின்றன. அவற்றைப் பொறுத்துக்கொண்டவர்கள் இதையும் பொறுத்துக்கொள்ளலாம்.

நீளம் 5 என்று சொல்லும் ஒரு சரம் ‘???’ என்ற வடிவத்துக்குப் பொருந்துவது முரண் இல்லையா என்ற கேள்வி இன்னும் கூர்மையானது. முரண்தான். அதைத் தீர்க்கச் சரத்தின் அடிப்படையையே ஸ்விஃப்ட் போல மாற்றவேண்டும். பைத்தான் 2-இலிருந்து 3-க்கு வந்தபோது சரங்களைத் தொட்டதால் பட்ட பாடு எல்லோருக்கும் நினைவிருக்கிறது. 2008-இல் தொடங்கிய அந்த மாற்றம், பழைய மொழிக்கு ஆதரவு 2020-இல் நின்றபோதுதான் முடிந்தது. அதை மறுபடி கேட்கும் துணிச்சல் எனக்கு இல்லை. ஆகவே நீளம் குறியெண்ணைச் சொல்லட்டும், குளோப் எழுத்தைச் சொல்லட்டும். ஆவணத்தில் இரண்டு வரியில் இதைத் தெளிவாக எழுதிவிடுவோம்.

வேகம் பற்றி அவ்வளவாக அஞ்ச வேண்டாம். ஒரு சரம் முழுக்க ஆஸ்கி எழுத்துகளால், அதாவது ஆங்கில எழுத்து, எண், நிறுத்தக்குறி போன்றவற்றால் மட்டும் ஆனதா என்பது பைத்தானுக்கு உள்ளே எப்போதும் தெரியும். அப்படியானால் இயல்பாக்கமும் பிரிப்பும் தேவையில்லை. விண்டோஸ் கோப்புகளில் வரி முடிவுக்கு வரும் இரட்டைக் குறி மட்டும் விலக்கு. யூனிகோடு கணக்கில் அந்த இரண்டும் சேர்ந்து ஓர் எழுத்து. ஆங்கிலத்துக்கும் இப்படி ஒரு துணைக்கால் உண்டு என்பதில் எனக்கு ஒரு சின்னத் திருப்தி. மற்றச் சரங்கள் ஏற்கெனவே இயல்பாக்கப்பட்டவையா என்று விரைவாகப் பார்க்கும் வசதி 3.8-இலிருந்து மொழியோடு வருகிறது.

பொருத்தம் உடைந்தால் திரும்பிப்போய் வேறு வழியை முயலும் பின்வாங்கல் பற்றிய பயமும் இல்லை. 2019 ஜூலை 2 அன்று கிளவுட்ஃபிளேர் என்ற இணையச் சேவை நிறுவனத்தின் சேவை 27 நிமிடம் படுத்ததற்குக் காரணம் ஒரு ரெஜெக்ஸ். பொருந்தாத ஒரு சரத்தை எத்தனை விதமாகப் பிரிக்கலாம் என்று எல்லா வழியையும் முயன்று செயலிகளைத் தின்றுவிட்டது. கேள்விக்குறியும் நட்சத்திரமும் மட்டும் உள்ள வடிவத்தில் அந்த ஆபத்து வராது. எங்காவது பொருத்தம் உடைந்தால் கடைசியாகக் கடந்த நட்சத்திரத்துக்கு மட்டும் திரும்பிப்போய், அதை ஓர் எழுத்து நீட்டிப் பார்த்தால் போதும். அதற்கு முந்தைய நட்சத்திரங்களைத் தொடவே வேண்டாம். மிக மோசமான நிலையிலும் வேலை சரத்தின் நீளம் பெருக்கல் வடிவத்தின் நீளத்துக்கு மேல் போகாது.

பழைய ஸ்டார்ட்ஸ்வித்தை யாரும் தொடக்கூடாது என்பதையும் எழுதிவைக்கிறேன். அதற்கு நியாயமான வேலை இருக்கிறது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99 விசைப்பலகையில், ‘மா’ என்று தட்ட முதலில் ம விழும், பிறகு காலெழுத்து விழும். தட்டத் தட்டப் பரிந்துரை காட்டும் பெட்டியில், ம விழுந்த கணத்திலேயே மத்தி மீனும் மாவுளாசி மீனும் தெரியவேண்டும். அங்கே எழுத்து எல்லை பார்த்தால் பெட்டி காலியாக நிற்கும். தட்டி முடிக்காத சொல்லுக்குக் குறியெண். தட்டி முடித்த சொல்லுக்கு எழுத்து. இரண்டும் வேறு வேறு கேள்விகள், இன்றைக்கு பைத்தானில் முதல் கேள்வியை மட்டும்தான் கேட்க முடிகிறது.

பெயருக்கு வருவோம். டேட்டாபேஸ் வேலை செய்கிறவர்களுக்குப் பழகிய ‘லைக்’ என்பதைத்தான் முதலில் நினைத்தேன். ஆனால் அந்தப் பெயர் சதவீதக் குறியையும் அடிக்கோட்டையும் கூடவே இழுத்துவரும், பைத்தானிலிருந்து டேட்டாபேஸைக் கையாள எஸ்கியூஎல்-ஆல்கெமி என்ற தொகுப்பைப் பயன்படுத்துகிறவர்கள் கட்டாயம் குழம்புவார்கள். பொருந்துகிறது என்ற பொருளில் ‘ஃபிட்ஸ்’ என்று வைக்கலாம் என்றாள் அதே தோழி. எங்கள் தெருவில் ஃபிட்ஸ் என்று குரல் கொடுத்தால் இரும்புச் சாவியை எடுத்துக்கொண்டு நாலு பேர் ஓடி வருவார்கள். குளோப் என்றால் கோப்புகளைத் தேடுவது என்ற நினைப்பு வரும் என்பது உண்மைதான். ஆனால் எஸ்கியூலைட் என்ற டேட்டாபேஸ் தன் சரங்களுக்கு இதே குறிகளோடு இதே பெயரில் ஒரு செயற்குறியை வைத்திருக்கிறது, யாரும் குழம்பியதாகத் தெரியவில்லை.

இனி நடைமுறை. மொழியின் உள்வட்டத்தில் இல்லாதவர் முன்மொழிவு எழுதினால், உள்வட்டத்தில் ஒருவர் பொறுப்பேற்று முன்னிறுத்த வேண்டும். இறுதி முடிவு வழிநடத்துக் குழுவுடையது. ஆள் கிடைக்க வேண்டும் என்றால் முதல் பக்கத்தில் பிரெஞ்சு உச்சரிப்புக் குறியையும் குடும்பப் பட எமோஜியையும் வைத்துவிட்டுத் தமிழைப் பின்னிணைப்பில் போடு என்று ஆலோசனை வந்தது. நல்ல எண்ணத்தில் சொன்ன ஆலோசனை, கேட்கப் போவதில்லை. எமோஜி தவறாக எண்ணப்பட்டால் யாருக்கும் பாக்கி ஏறாது. முதல் எடுத்துக்காட்டு ராணி, இரண்டாவது கொடுவா. பிரெஞ்சுக்காரர்கள் மூன்றாவதாக வரட்டும்.

இன்னும் முடிவு செய்யாதது ஒன்று இருக்கிறது. வடிவத்தில் நட்சத்திரத்துக்குப் பின்னால் வெறும் புள்ளியைத் தட்டினால் என்ன செய்வது? ‘மெய்யெழுத்தில் முடியும் பெயர்களைக் கொடு’ என்ற ஆசையில் யாராவது கட்டாயம் தட்டுவார்கள். எனக்கே அந்த ஆசை வந்தது. யூனிகோடு விதிப்படி அந்தப் புள்ளி நட்சத்திரத்தின் தலையில் ஏறி இரண்டும் சேர்ந்து ஓர் எழுத்தாகிவிடும், நட்சத்திரம் தன் சக்தியை இழந்துவிடும். பேசாமல் விட்டால் எந்தப் பெயரும் பொருந்தாது, காரணமும் தெரியாது. கேட்டதைக் கொடுத்துவிடலாம் என்றால் எழுத்தின் நடுவில் வெட்டமாட்டேன் என்ற ஒரே வாக்குறுதியும் போய்விடும். இப்போதைக்கு வரைவில் ‘வேல்யூஎரர்’ என்ற பிழையை எழுப்பும்படி எழுதியிருக்கிறேன், பிழைச் செய்தியில் அநாதைக் குறி வடிவத்தின் எந்த இடத்தில் இருக்கிறது என்பதோடு. வடிவத்தைப் பயனர் தட்டும் நிரல்களில் இது தொந்தரவாக இருக்குமா என்று அப்படிப்பட்ட நிரல் எழுதுகிறவர்கள் சொல்லுங்கள்.